பெட்டிக்கடையில் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பின்னால் இவ்வளவு கதையா? யார் இந்த கடலூர் சின்னிகிருஷ்ணன்?

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டினால் வருகிறது தாமல். பட்டுத்தறியும் கோயிலுமாக இருக்கும் ஊர். இங்கே ஒரு பெட்டிக்கடை முன்னால் நின்று பாருங்கள். ஷேவிங் செய்ய முழு பாக்கெட் வாங்க வேண்டாம், ஒரே ஒரு பிளேடு கேட்டாலும் தருவார்கள். தலைக்குக் குளிக்க ஒரு ஷாம்பு பாக்கெட்டைச் சரத்திலிருந்து கிழித்துக் கொடுப்பார்கள். எல்லாமே ஒரு தடவைக்கான அளவு. பிடித்தால் மறுபடி வாங்கலாம், பிடிக்கவில்லை என்றால் போனது சில ரூபாய்தான்.

தாமல் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊர் கடைக்குப் போனாலும் இதே காட்சிதான். ஆனால், ஒரு காலத்தில் இது இப்படி இல்லை. இந்த 'சின்ன அளவு' என்ற யோசனையைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தமிழர் இருந்தார். அவர்தான் சின்னிகிருஷ்ணன்.

யார் இவர்?

கடலூர்க்காரர். விவசாயத்தில் தொடங்கி, பிறகு மருந்துப் பொருட்கள் தொழிலுக்கு வந்தவர். பிள்ளைகளில் 2 பேர் டாக்டர், ஒருவர் வக்கீல். படிப்பில் பின்தங்கிய மகன் ரங்கநாதனிடம் மட்டும், விவசாயம் பார் அல்லது தொழில் தொடங்கு என்று சொல்லி வைத்திருந்தார். அந்த மகன் புறா, மீன் என்று வளர்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அப்பாவின் யோசனையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான்.

அப்படி என்ன செய்தார்?

அன்றைக்கு டால்கம் பவுடர் என்றால் டின்னில்தான் வரும். முழு டின்னுக்கும் காசு இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் பவுடரே கிடையாது. சின்னிகிருஷ்ணன் அதை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் பாக்கெட்டுகளாகப் போட்டார்.

அடுத்தது எப்சம் உப்பு, அதாவது பேதி உப்பு. அது 100 கிராம் பாக்கெட்டாக விற்ற காலத்தில், 5 கிராம் பாக்கெட்டாகக் கொண்டுவந்தார். ஒரு தடவை சாப்பிட எதற்கு 100 கிராம்? கேள்வி சின்னதுதான். ஆனா, அதை யோசித்தவர்கள் குறைவு.

பணக்காரர் பயன்படுத்துகிற பொருளைக் கூலித் தொழிலாளியும் ரிக்ஷா ஓட்டுபவரும் பயன்படுத்த வேண்டும் என்பதே அவரது ஆசை. தினக்கூலிக்காரர் கையில் அன்றைய காசுதான் இருக்கும். பட்டு நெசவாளிக்கு சேலைக் கணக்கில் கூலி. நெய்து முடித்துக் கொடுத்தால்தான் பணம். இவர்களிடம் பெரிய பாட்டில் வாங்கினால் லாபம் என்று சொல்லி என்ன பயன்? பாட்டிலுக்கான பணம் ஒரே நாளில் கையில் இருந்தால்தானே அந்த லாபம் கிடைக்கும்?

பவுடர் சரி, ஷாம்புவை எப்படி அடைப்பது?

இங்கேதான் சிக்கல். பவுடர், உப்பு மாதிரி காய்ந்த பொருளைப் பாக்கெட்டில் போடுவது சுலபம். ஷாம்பு போன்ற திரவம் அப்படி இல்லை. ஓரத்தில் ஊசி முனை அளவு இடைவெளி இருந்தாலும் ஒழுகிவிடும். பிளாஸ்டிக் ஷீட்டை மடித்து, ஓரங்களைச் சூட்டில் ஒட்டி, உள்ளே திரவத்தை ஊற்றி, கடைசி ஓரத்தையும் ஒட்ட வேண்டும். மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றினாலும் அந்த ஒட்டு பிரியக் கூடாது.

திரவத்தையும் இப்படிச் சின்ன பாக்கெட்டில் விற்க முடியும் என்று சின்னிகிருஷ்ணன் நம்பினார். இனி வரும் காலம் சாஷே பாக்கெட்டுகளுக்குத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கிராமங்களில் சீயக்காயும் அரப்பும் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த காலம் அது.

ஐடியா ஓகே... ஆனா விற்கத் தெரியலையே!

இதுதான் அவர் வாழ்க்கையின் சோகம். ஒரு பொருளைக் கண்டுபிடித்ததும் அடுத்ததற்குத் தாவிவிடுவார். விளம்பரம், விற்பனை என்று உட்கார்ந்து யோசிக்கவில்லை. அப்பா பெரிய கண்டுபிடிப்பாளர், ஆனால் விற்பனையில் கோட்டைவிட்டவர் என்பதை மகன் ரங்கநாதனே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ரங்கநாதன் கல்லூரியில் சேர்ந்த சமயத்தில் சின்னிகிருஷ்ணன் காலமானார். சாஷே யோசனை அவருக்கு வந்து அப்போது ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அது ஜெயித்ததை அவர் பார்க்கவே இல்லை.

அப்பாவின் பெயரில் ஒரு ஷாம்பு

அப்பாவுக்குப் பிறகு தொழிலை எடுத்து நடத்திய மூத்த மகன்கள், 'வெல்வெட்' ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். படிப்பு முடித்த ரங்கநாதன் 1982-ல் அவர்களுடன் சேர்ந்தார். கருத்து ஒத்துப்போகவில்லை. 9 மாதங்களில் வெளியே வந்தார்.

கையில் இருந்தது 15,000 ரூபாய். மாதம் 250 ரூபாய்க்கு வீடும் அலுவலகமுமாக ஓர் இடம், 300 ரூபாய் வாடகையில் தொழிற்கூடம், 3,000 ரூபாய்க்கு ஒரு பேக்கிங் மெஷின். 1983-ல் தொடங்கிய நிறுவனத்தின் ஷாம்புவுக்கு வைத்த பெயர் 'சிக்'. அது சின்னிகிருஷ்ணன் என்ற அப்பாவின் பெயரிலிருந்து வந்தது. முதல் மாதம் 20,000 பாக்கெட்டுகள் விற்றன. இந்த நிறுவனம்தான் 1998-ல் 'கெவின்கேர்' ஆனது.

சாம்பிள் செய்த மேஜிக்

அப்பா விட்ட இடம் விற்பனை. மகன் பிடித்ததும் அதைத்தான். ஷாம்பு என்றால் என்னவென்றே பழகாத கிராமங்களுக்கு நேரில் போனார்கள். ஒரு பையனை உட்கார வைத்து, எல்லோர் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். கூடியிருந்தவர்களை அந்த முடியைத் தொட்டு, முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, நடுவில் விளம்பரம் போட்டு, முடிந்ததும் இலவச பாக்கெட் கொடுத்தார்கள்.

இன்னொரு திட்டமும் இருந்தது. எந்த கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் 5 காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். பழகிய பிறகு, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமாக உயர்ந்தது.

காரணம் எளிமையானது. தெரியாத பொருளுக்கு முழு விலை கொடுக்க யாருக்கும் பயம் இருக்கும். ஒரு தடவை தேய்த்துப் பார்த்தால் பயம் போய்விடும். சின்னிகிருஷ்ணன் விலையைப் பற்றி யோசித்து உருவாக்கிய அளவு, வாங்குபவரின் தயக்கத்தையும் சேர்த்தே உடைத்தது.

உலகம் கவனித்தது

பின்னர் பெரிய பெரிய கம்பெனிகளும் சின்ன பாக்கெட்டுக்கு இறங்கி வந்தன. கோவையில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த சி.கே.பிரகலாத், ஏழைகளை வாடிக்கையாளர்களாகப் பார்ப்பது பற்றி 2004-ல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில், இந்தியாவின் இந்த ஒரு தடவை பாக்கெட்டுகளையும் உதாரணமாகக் காட்டினார். சின்னிகிருஷ்ணன் பெயரில், புதுமை படைக்கும் சிறு நிறுவனங்களுக்கு கெவின்கேர் விருதும் வழங்கிவருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு

அந்த பாக்கெட் இன்று சாக்கடையிலும் ஏரிக்கரையிலும் கிடக்கிறது. பல அடுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிய பிளாஸ்டிக் என்பதால் மறுசுழற்சி செய்வது கஷ்டம். எடையும் இல்லை, விலையும் இல்லை என்பதால் குப்பை பொறுக்குபவர்களும் எடுப்பதில்லை. 2011 விதிகளில் குட்கா, புகையிலை, பான் மசாலாவை பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைக்கத் தடை வந்தது. ஷாம்பு பாக்கெட் தப்பித்துவிட்டது.

அதற்காக எல்லோரும் பெரிய பாட்டில் வாங்குங்கள் என்று சொன்னால், பழையபடி தினக்கூலிக்காரரைக் கடைக்கு வெளியே நிறுத்துவது போலத்தான். அவருக்குத் தேவை குறைந்த அளவு, குறைந்த விலை. பிளாஸ்டிக்தான் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. குப்பை சேராமல் அதே 5 கிராமை, அதே ஒரு தடவை ஷாம்புவை அவர் கையில் கொடுப்பது எப்படி? சின்னிகிருஷ்ணன் பாதியில் விட்டுச்சென்ற வேலையில் இன்னும் மிச்சம் இருப்பது இதுதான்.