கணிப்பொறிக்குக் கற்பித்த கணித ஆசிரியை

கணிப்பொறி என்றதும் நம் மாணவிகளுக்குப் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே நினைவுக்கு வருகின்றன. அத்துறையின் அடித்தளத்தில் ஒரு கணித ஆசிரியையின் உழைப்பு இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் நம்மிடையே சிலரே. அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர்.

1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கிரேஸ் பிறந்தார். தந்தையார் காப்பீட்டுத் தரகர். தாயாருக்குக் கணிதத்தில் பெருவிருப்பம் உண்டு. ஆனால் அந்நாளில் பெண்ணுக்கு உயர்கணிதம் எதற்கு என்ற எண்ணமே ஓங்கியிருந்ததால் அவ்விருப்பம் வீட்டோடு நின்றுவிட்டது. கிரேசுக்கு ஏழு வயதிருக்கும்போது வீட்டிலிருந்த அலாரம் கடிகாரம் எப்படி அடிக்கிறது என்று பார்க்க அதைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைப் பார்த்துப் பூட்டுவதற்காக இன்னொன்றைக் கழற்றினார். இப்படியே ஏழு கடிகாரங்களும் பிரிந்து கிடந்தபோதுதான் தாயார் கண்டார். அடிக்கவில்லை, இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். நம் வீடுகளில் எத்தனை தாய்மார்களுக்கு அத்தனை பொறுமை வரும் என்பது ஐயமே!

தந்தையார் நோயின் காரணமாக இரு கால்களையும் இழந்தவர். தமக்குப் பின் பெண்மக்கள் பிறர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று கருதி, மகனுக்குக் கொடுத்த கல்வியையே மகள்மாருக்கும் கொடுத்தார். கிரேஸ் முதல் முறை கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியபோது லத்தீன் பாடத்தில் தவறிப்போனார். ஓராண்டு காத்திருந்து, மறுமுறை எழுதி வாசர் கல்லூரியில் சேர்ந்தார். 1928-இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். 1934-இல் ஏல் பல்கலைக்கழகத்தில் கணித டாக்டர் பட்டம். இதற்கிடையே 1930-இல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்தார். பிள்ளைகள் இல்லை, 1945-இல் அம்மணவாழ்வு முறிந்தது.

தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே 1931 முதல் கணிதம் கற்பித்தார். அவர் வகுப்பில் ஒரு வேடிக்கையான வழக்கம் இருந்தது. கணிதச் சூத்திரம் ஒன்றைத் தந்து அதைப்பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார். மொழிப்பிழைகளையும் சிவப்பு மையால் திருத்துவார். இது கணித வகுப்பா, ஆங்கில வகுப்பா என்று மாணவிகள் முணுமுணுத்தனர். பிறருக்கு விளங்கச் சொல்ல இயலாத கணிதத்தால் பயனில்லை என்பது அவர் கொள்கை. அவருடைய பிற்காலச் சாதனைக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம் என்றார்கள்; எடை 15 பவுண்டு குறைவு என்றார்கள்; கணிதப் பேராசிரியை கல்லூரியிலேயே இருப்பதுதான் நாட்டுக்கு நல்லது என்றும் சொன்னார்கள். அவர் விடவில்லை. தனி அனுமதி பெற்று 1943 டிசம்பரில், தமது 37-ஆம் வயதில், கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். இளம் பெண்களோடு அணிவகுத்துப் பயின்று வகுப்பில் முதலாவதாகத் தேறினார். 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவருக்காகக் காத்திருந்தது மார்க்-1 என்னும் இயந்திரம். நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை ஏறத்தாழ 5 டன். ஒரு விநாடிக்கு மூன்று கூட்டல்கள் செய்யும். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் தொலைபேசிக்கு முன் இது எறும்புக்கும் சமமாகாது; அன்றோ அது அதிசயம். இயந்திரம் செய்ய வேண்டியதையெல்லாம் காகித நாடாவில் துளைகளாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஹாப்பர் அதற்குக் கட்டளைகள் எழுதியதோடு, 561 பக்கக் கையேடு ஒன்றையும் எழுதினார். அது 1946-இல் வெளியாயிற்று.

விட்டில்பூச்சிக் கதையை எல்லாரும் சொல்வார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று மார்க்-2 இயந்திரத்தின் ரிலே ஒன்றில் பூச்சி சிக்கி வேலை நின்றது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். கணிப்பொறிப் பிழைக்குப் பூச்சி என்ற பெயர் அதனால்தான் வந்தது என்பர். உண்மையில் பொறியாளர்கள் எடிசன் காலத்திலேயே அச்சொல்லை ஆண்டு வந்தனர். பூச்சியைப் பிடித்தவரும் ஹாப்பர்தான் என்று கொள்ள ஆதாரமில்லை. அவர் அக்கதையைச் சுவைபடச் சொல்லிச் சொல்லிப் பரப்பினார், அவ்வளவே. அவருடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது.

அது எங்கே என்று பார்ப்போம். ஹாப்பரும் அவருடன் உழைத்தவர்களும் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தனர். சைன் மதிப்பு காண்பது, வர்க்கமூலம் காண்பது போன்ற, ஏற்கெனவே சரிபார்த்த கட்டளைத் துண்டுகள் அதில் இருக்கும். புதிய கணக்கு வந்தால் தேவையான துண்டை அடுத்தவர் நோட்டிலிருந்து பார்த்து எழுதிக்கொள்வர். இங்கேதான் தொல்லை. அவசரமாக எழுதும்போது ஆங்கில 'பி' எழுத்து 13 ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு துண்டிலும் வரிகள் சுழியத்திலிருந்து எண்ணிடப்பட்டிருக்கும். அது புதிய கணக்கில் 150-ஆம் இடத்தில் அமர வேண்டுமானால் அதிலுள்ள ஒவ்வொரு முகவரியோடும் 150-ஐக் கூட்டியாக வேண்டும். பட்டம் பல பெற்ற கணித மேதைகள் கூட்டலில் தவறினர்! ஒரு புள்ளி பிசகினாலும் முழுக்கணக்கும் பாழ். பிழையைத் தேட நாள்கணக்கில் ஆகும்.

ஹார்வர்டில் பெண்களுக்கு நிரந்தரப் பதவி கிடையாது. எனவே 1949-இல் அவர் பிலடெல்பியாவிலிருந்த எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிவாக் என்னும் கணிப்பொறி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அங்கேதான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றிற்று. பிழையின்றிப் படியெடுப்பதும் பிழையின்றிக் கூட்டுவதும் யாருக்குக் கைவந்த வேலை? கணிப்பொறிக்குத்தானே? அப்படியானால் துண்டுகளைத் திரட்டி முழுநிரலாகக் கட்டும் வேலையை அதனிடமே ஏன் ஒப்படைக்கக் கூடாது?

நூலகத்தில் நமக்கு வேண்டிய புத்தகங்களின் எண்களைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். நூலகர் அலமாரியிலிருந்து எடுத்து வந்து வரிசையாக அடுக்கித் தருகிறார். அதுபோலவே ஹாப்பர் துண்டுகளையெல்லாம் காந்த நாடாவில் பதிந்து ஒவ்வொன்றுக்கும் அழைப்பெண் கொடுத்தார். நிரல் எழுதுபவர் எண்களை மட்டும் வரிசையாக எழுதினால் போதும். கணிப்பொறி நாடாவில் தேடி, படியெடுத்து, முகவரிகளைக் கூட்டி, முழுநிரலைக் கட்டிக் கொடுத்துவிடும். இதற்கு அவர் வைத்த பெயர் ஏ-0. திரட்டித் தொகுப்பதால் அதைக் கம்பைலர், அதாவது தொகுப்பி, என்றார். 1952 மே மாதம் இதை ஒரு மாநாட்டில் விளக்கினார்.

ஒரு சிக்கல் மட்டும் அவரை மிகவும் வாட்டியது. யூனிவாக்கின் நினைவகம் ஆயிரம் சொற்களே கொள்ளும்; ஆகவே முன்னிருந்து பின்வரை ஒரே ஓட்டத்தில் தொகுத்து முடிக்க வேண்டும். பின்னோக்கித் தாவும் கட்டளை எளிது. அந்த இடம் ஏற்கெனவே தெரியும். முன்னோக்கித் தாவ வேண்டுமானால், இன்னும் வைக்கப்படாத துண்டின் முகவரி எப்படித் தெரியும்? ஹாப்பர் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். அந்நாளைய பெண்கள் ஆட்ட விதிப்படி பந்தை ஒரு முறைக்கு மேல் தட்டிக்கொண்டு ஓட முடியாது. முன்னே ஒருத்திக்கு எறிந்துவிட்டு ஓட வேண்டும். அதையே இங்கும் செய்தார். நினைவகத்தின் கடைக்கோடியில் ஒரு மூலையை ஒதுக்கினார். முகவரி தெரியாத தாவலை அந்த மூலைக்கு அனுப்பி, அங்கே ஓர் அடையாளம் வைத்தார். அந்தத் துண்டு பிற்பாடு வந்து அமர்ந்ததும், மூலையிலிருந்து அதற்கு இன்னொரு தாவல். சிக்கல் தீர்ந்தது. விளையாட்டு நேரத்தை வீண் என்று கருதும் பெற்றோர் இதைக் கவனிப்பார்களாக.

முடிந்த பொருளைக் காட்டியும் நம்புவார் இல்லை. கணிப்பொறி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று அறிஞர்களே சாதித்தனர். தங்கள் அரிய கலை இயந்திரத்தின் கைக்குப் போய்விடுமே என்ற கலக்கமும் சிலருக்கு இருந்தது. நேர்மையாகச் சொன்னால், ஏ-0 இன்றைய பொருளில் முழுமையான கம்பைலர் அன்று. துண்டுகளை இணைக்கும் இணைப்பி என்பதே பொருந்தும். ஹாப்பர் தனியே நின்று சாதித்ததாகவும் எண்ண வேண்டாம். அவருடன் பணியாற்றிய பெட்டி ஹோல்பர்ட்டன் அம்மையார், வரிசைப்படுத்தும் நிரல்களைக் கணிப்பொறியே எழுதும்படி 1951-இலேயே செய்திருந்தார். தமக்கு வழிகாட்டியது அதுவே என்று ஹாப்பர் தயங்காமல் சொல்லி வந்தார்.

அடுத்து வந்த ஏ-2 தொகுப்பியை 1953 இறுதியில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியபோது அதன் மூல நிரலையும் சேர்த்தே அனுப்பினார்கள். திருத்தம் செய்தால் எங்களுக்கும் தெரிவியுங்கள் என்றார்கள். மூலத்தைத் திறந்து வைத்துப் பலர் கூடிச் செப்பனிடும் இன்றைய முறைக்கு இது ஒரு முன்னோடி. பின்னாளில், 1976-இல், பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் மேக் என்ற கருவியைச் செய்தார். மூலக் கோப்புகளில் எது மாறியிருக்கிறதோ அதை ஒட்டியவற்றை மட்டும் அது மறுபடி கட்டும். சாம்பாரில் உப்புக் குறைந்தால் சோற்றையும் சேர்த்தா மறுபடி வடிக்கிறோம்? 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தில், தொண்டர்கள் மூல நிரலை அனுப்பிவிட்டால், வகைவகையான கணிப்பொறிகளுக்கேற்ற மென்பொருள் பொதிகளை அத்திட்டத்தின் இயந்திரங்களே இரவு பகலாகக் கட்டி அடுக்குகின்றன. அழைப்பெண் சீட்டில் தொடங்கிய வேலைதான் இது.

ஹாப்பரின் மனம் இப்போது வேறொன்றை நாடியது. கணக்கரும் கிடங்கு மேற்பார்வையாளரும் குறியீடுகளைக் கண்டு மிரள்கிறார்கள். அவர்கள் பேசும் சொற்களிலேயே கட்டளை எழுதினால் என்ன? ஆங்கிலச் சொற்களால் எழுதும் முறையொன்றை ஆக்கி மேலதிகாரிகளுக்குக் காட்டினார். சொற்கள் எந்த மொழியாயிருந்தாலும் கணிப்பொறிக்கு ஒன்றே என்று மெய்ப்பிக்க, அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஓட்டிக் காட்டினார். வந்தது வினை! அமெரிக்காவில் செய்த இயந்திரத்திற்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும் என்று அதிகாரிகள் திடுக்கிட்டுப் போனார்கள். ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி கூறி அவர்களைத் தேற்ற அவருக்கு நான்கு மாதம் பிடித்ததாம். இயந்திரத்திற்கு எந்த எழுத்தும் வெறும் குறிதான். பிரெஞ்சுச் சொல்லை ஏற்றது தமிழ்ச் சொல்லையும் ஏற்றிருக்கும். தமிழ்வழியில் படிக்கும் நம் மாணவிகள் கணிப்பொறியின் முன் அமரும்போது இச்செய்தி நினைவிருக்கட்டும். தடை நின்றது மனிதர் மனத்தில்.

அந்த முறையே ஃப்ளோ-மேட்டிக் என்ற பெயரில் வெளிவந்தது. 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கூட்டிய கூட்டத்தில், எல்லா நிறுவனக் கணிப்பொறிகளுக்கும் பொதுவாக ஒரு வணிக மொழி வேண்டும் என்று முடிவாயிற்று. ஃப்ளோ-மேட்டிக்கைப் பெரிதும் தழுவிப் பிறந்த அம்மொழிதான் கோபால். (தமிழில் எழுதினால் நம் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போலத்தான் இருக்கிறது!) ஹாப்பர் அதற்கு ஆலோசகர், மொழியை வரைந்த குழுவில் ஜீன் சாமெட் என்ற பெண்மணி முக்கிய இடம் வகித்தார். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணிப்பொறிகளில் ஏறத்தாழ மாற்றமின்றி ஓடியது.

அம்மொழி நம் ஊருக்கும் வந்தது. 1973-இல் அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் ஐ.பி.எம். 370 கணிப்பொறி நிறுவப்பட்டது. துளையட்டைக் கட்டுகளோடு வரிசையில் நின்ற அந்தத் தலைமுறைக்கும், அதன்பின் 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகமும் 2000-இல் தரமணியில் டைடல் பூங்காவும் எழக் கண்ட தலைமுறைக்கும் கோபால் தெரிந்த பெயர். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதியதால் 2000 பிறக்கும்போது என்னாகுமோ என்று உலகம் அஞ்சிய நாட்களில், பழைய கோபால் நிரல்களைத் திருத்தும் வேலை நம் நாட்டுக்குத் திரண்டு வந்தது. இதைப் படிக்கும் பெற்றோரில் சிலர் அந்த வேலையால் சோறுண்டவராகவே இருப்பர்.

இங்கே இன்னொருவரைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. கணிப்பொறி இயலில் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற முதற்பெண் ஒரு கன்னியர்: சகோதரி மேரி கென்னத் கெல்லர், 1965-இல். அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி இருபதாண்டு நடத்தினார்.

ஹாப்பருக்கு 1966 இறுதியில் கடற்படை ஓய்வு கொடுத்தது. ஏழே மாதத்தில் திரும்ப அழைத்தது. கடற்படையின் கணிப்பொறிகளில் ஆளுக்கொரு விதமான கோபால் புழங்கியதால் ஒன்றின் நிரல் மற்றொன்றில் ஓடவில்லை. அதைச் சீர்செய்ய வேண்டும். ஆறு மாதத்திற்கென்று போனவர் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். ஒவ்வொரு தொகுப்பியும் விதிப்படி நடக்கிறதா என்று தாமே சோதிக்கும் நிரல்களை அவருடைய குழு ஆக்கியது.

முதுமையில் ஊர் ஊராகச் சென்று பேசுவதே அவர் வேலையாயிற்று. மின்சாரம் நூறு கோடியில் ஒரு பங்கு விநாடியில் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பார். கைப்பையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் கம்பித் துண்டுகளை எடுத்து இதற்கு மேல் போகாது என்று ஆளுக்கொன்று கொடுப்பார். சரியாக நம் அளவுகோல் நீளம்! பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கு 984 அடிக் கம்பிச்சுருளைத் தூக்கிக் காட்டுவார். வழக்கம் என்பதற்காகவே எதையும் செய்யக் கூடாது என்பதைக் காட்ட, அவர் அலுவலகச் சுவரில் இடப்புறமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று தொங்கியது. மணி மட்டும் சரியாகவே காட்டும்.

1986 ஆகஸ்ட் 14 அன்று, 79-ஆம் வயதில், ரியர் அட்மிரல் பதவியோடு பாஸ்டன் துறைமுகத்தின் பழம்பெரும் மரக்கப்பலொன்றின் மேல்தளத்தில் விடைபெற்றார். அடுத்து டிஜிட்டல் நிறுவனத்தில் ஆலோசகரானார். 1992-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று உயிர் நீத்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1997-இல் போர்க்கப்பல் ஒன்று அவர் பெயரோடு பணியில் இறங்கியது. லத்தீனில் தவறிய அந்தப் பெண் டாக்டர் பட்டம் வாங்கிய ஏல் பல்கலைக்கழகத்தில், 2017 முதல் மாணவர் தங்கிப் பயிலும் கல்லூரிகளுள் ஒன்றுக்கு கிரேஸ் ஹாப்பர் கல்லூரி என்று பெயர்.