கல்லில் எழுதிய நாளுக்குக் கணக்குச் சொன்னவர்

பாண்டிய நாட்டுக் கோயில்களில் சுவர் நிறையக் கல்வெட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ராஜாவின் பெயர் இருக்கும். அவர் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்று இருக்கும். மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் இருக்கும். அது கி.பி. எத்தனையாம் ஆண்டு என்பது மட்டும் இருக்காது!

போதாக்குறைக்கு, ஒரே பெயரில் பல ராஜாக்கள். கொடை கொடுத்தவர் எந்தச் சுந்தர பாண்டியன்?

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் பல ஆண்டுகள் உழைத்தவர் திவான் பகதூர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. 1865-ல் பிறந்தார். கத்தோலிக்கக் கிறிஸ்தவர். எம்.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றவர். அரசாங்க உத்தியோகஸ்தர். பஞ்சாங்கம் கணிப்பது அவர் குலத்தொழில் அல்ல. ஆனாலும் பஞ்சாங்கக்காரர்களே அவருடைய புத்தகத்தைப் புரட்டும்படி ஆயிற்று.

சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகும் நேரம் ஒரு திதி. கிழமை விடியற்காலையில் மாறும். திதியோ நடுப்பகலிலும் மாறும், நள்ளிரவிலும் மாறும். ஒரு மாதத்தின் ஒரு திதி குறிப்பிட்ட கிழமையில் வருவது நூறு ஆண்டில் சுமார் 14 தடவைதான். நட்சத்திரமும் பொருந்த வேண்டுமென்றால் அதிலும் பல கழிந்துவிடும். அதே ராஜாவின் நாலைந்து கல்வெட்டுகளை இப்படிச் சோதித்தால், பட்டமேற்ற ஆண்டு பிடிபட்டுவிடும்.

மாறவர்மன் சுந்தர பாண்டியன் 1216, சடையவர்மன் சுந்தர பாண்டியன் 1251 என்று ஜெர்மன் அறிஞர் கீல்ஹார்ன் இவ்வாறுதான் பிரித்துக் காட்டினார். அந்த வேலையைச் சாமிக்கண்ணுப் பிள்ளை மேலும் நடத்தி, 1913-ல் பாண்டியர் காலம் பற்றி எழுதினார்.

கணக்கு லேசானதல்ல. ஒரு தேதிக்கே தாள் தாளாகப் போட வேண்டும். அதைச் சாதாரணப் படிப்பாளியும் செய்யும்படி ஆக்கியதுதான் அவருடைய பெரிய காரியம். 1911-ல் ‘இந்தியன் குரோனாலஜி’ வந்தது. 1922-ல் ‘இந்தியன் எபிமெரிஸ்’ பல பாகங்களாக வந்தது. கி.பி. 700 முதல் 1799 வரை 1,100 ஆண்டுகள். நாலு லட்சத்துக்கு மேற்பட்ட நாட்கள்! ஒவ்வொரு நாளுக்கும் திதி எப்போது முடிகிறது, நட்சத்திரம் எப்போது முடிகிறது என்று போட்டிருக்கும்.

நாழிகை, விநாடி என்று எழுதாமல், நாளை நூறு பங்காக்கி எழுதினார். 25 என்றால் கால் நாள். விடிந்து 15 நாழிகை, அதாவது 6 மணி நேரம். கூட்டவும் கழிக்கவும் எத்தனை சுலபம்!

சென்னையை அடுத்த பெருங்குடியில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்திருக்கின்றன. அங்கேயும் இதே வழிதான். 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை ஒரே எண்ணாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது தேதியாக மாற்றுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை எண்ணும். இது தெரியாமல் எண்ணை வேறு மொழிக்குக் கொடுத்தால், தேதி பல ஆயிரம் ஆண்டு தள்ளிப் போய்விடும்!

சாமிக்கண்ணுப் பிள்ளைக்கும் அப்படி ஒரு சோதனை வந்தது. ஆடி மாதம், தேய்பிறை அஷ்டமி, கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை அன்று மதுரை எரிந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. காப்பியத்திலும் அதன் பழைய உரையிலும் உள்ள நாள் குறிப்புகளைக் கொண்டு அவர் கண்ட ஆண்டு கி.பி. 756. பரிபாடலின் 11-ஆம் பாட்டுக்கு 634 என்றார்.

தமிழறிஞர்கள் பலர் திடுக்கிட்டனர். கண்ணகி கதைக்கு வயது இவ்வளவு குறைவா? அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டல் கழித்தலில் பிழை என்பதல்ல சண்டை. உரைகாரர் எழுதிய குறிப்பைக் கதை நடந்த நாளின் குறிப்பாக எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. எதிர்க்கட்சியில் நியாயம் அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

பின்னர் அவர் சென்னை சட்டசபையின் தலைவரானார். அந்தப் பதவியில் இருக்கும்போதே 1925 செப்டம்பர் 10-ந் தேதி காலமானார். வயது 60. புதிதாக ஒரு கல்வெட்டு கிடைத்தால், அதன் நாளைச் சரிபார்க்க ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் அவருடைய அட்டவணையைப் புரட்டுகிறார்கள்.