கத்தியைக் கீழே வைத்த டாக்டர் லோரென்ஸ்

ஆஸ்திரியாவில் 1854-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அடால்ஃப் லோரென்ஸ், வியன்னாவில் படித்து அறுவை மருத்துவரானார். அந்நாளில் கிருமிநாசினி என்றால் கார்பாலிக் அமிலம்தான். அது அவர் கைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோல் புண்ணாகி, படித்த தொழிலையே விடும்படி ஆயிற்று.

எலும்பு வைத்தியத்துக்கு மாறினார். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகிய குழந்தைகளுக்கு முதலில் அறுவை செய்தவர், பின்னர் மயக்க மருந்து கொடுத்து, தொடையை அகட்டி, எலும்பின் பந்தைக் கையாலேயே கிண்ணத்துக்குள் சேர்த்து, மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டார். ரத்தமில்லாத சிகிச்சை! பெற்ற வயிற்றுக்கு எவ்வளவு ஆறுதல்! 1902-ல் சிகாகோ கோடீஸ்வரர் ஆர்மர் தம் மகள் லோலிடாவுக்காக அவரை வரவழைத்தார். அந்தப் பயணத்தில் ஏழைக் குழந்தைகளுக்கும் இலவசமாக வைத்தியம் செய்தார்.

குறையும் உண்டு. அளவுமீறி அகட்டிக் கட்டியதில் சில குழந்தைகளுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு சிதைந்தது. பின்வந்தவர்கள் அதைத் திருத்திக்கொண்டார்கள்.

லோரென்ஸ் 1946-ல் காலமானார். 1973-ல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரென்ஸ் இவருடைய புதல்வர்தான்.