பறம்பு மலையும் கபிலரும்

சங்கப் புலவருள் மிகுதியான பாடல்களை யாத்தவர் என்னும் பெருமை கபிலருக்கு உரியது. பாண்டிநாட்டுத் திருவாதவூரில் அந்தணர் குடியில் தோன்றியவர் என்பது மரபு. 261 அடிகளில் 99 மலர்களின் பெயரை அடக்கிய குறிஞ்சிப்பாட்டும், ஐங்குறுநூற்றின் குறிஞ்சி நூறும் அவர் மலைநிலத்தை எத்துணை நுணுகிக் கண்டவர் என்பதைக் காட்டும்.

அவர் உள்ளம் நிலைபெற்ற இடம், வேள் பாரியின் பறம்பு மலை. இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே அது என்பர். அந்நாளில் யவனர் மரக்கலங்கள் திராட்சை மதுவைத் தமிழகத்தில் இறக்கின. கிரேக்கத்தின் காஸ் தீவு, இத்தாலியின் கம்பானியா ஆகியவற்றின் மதுச்சாடிச் சில்லுகள் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. பாண்டியன் மாளிகையில் அம்மது பொற்கலத்தில் வார்க்கப்பட்டதை நக்கீரர் பாடினார். கபிலர் பாடியதோ குடியானவரின் கலத்தை. வெயில் காயும் செம்மண் மேட்டில் வரகும் தினையும் எள்ளும் அவரையும் விளையும். நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறல் புல்வேய்ந்த குடில்தோறும் வழங்கப்படும். நறுநெய்யில் கடலை வறுபடும். இவை யாவும் புறநானூற்றில் அவர் வரைந்த காட்சிகள்.

மூவேந்தரும் பறம்பை முற்றினர். உழவர் உழாமலே மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என நான்கும் தரும் மலையைப் படையால் கொள்ள இயலாது. யாழ் மீட்டிப் பாடி வந்தால் பாரி நாட்டையும் குன்றையும் ஈவான் என்று கபிலர் அவர்களுக்கு எடுத்துரைத்தார். எனினும் பாரி மாண்டான். ஓயாது வாய்திறந்த மதுச்சாடியும் விருந்தும் மறைந்தன. எட்டாம்நாட் பிறைபோல் வளைந்த கரையுடைய சிறுகுளம் காப்பாரின்றி உடைவதையும் கபிலர் கண்டு கலங்கினார்.

பாரி மகளிரை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் வேண்டினார், இருவரும் இசைந்திலர். பின்னர்ச் சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடி நூறாயிரம் காணமும், நன்றா என்னும் குன்றேறி நின்று கண்ட நாடும் பெற்றார் எனப் பதிற்றுப்பத்தின் பதிகம் கூறும். அவ்வேந்தன் அவையிலும் மாண்ட பாரியை நினைந்தே பாட்டைத் தொடங்கினார். பெருஞ்செல்வம் பழைய நட்பை மறைக்கவில்லை.

பாரி மகளை மலையனுக்கு அளித்தபின், பெண்ணையாற்றின் நடுவிலுள்ள பாறையில் அவர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர் வீரட்டானத்து முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு உரைக்கிறது. அப்பாறை கபிலர் குன்று என வழங்குகிறது.

யவனர் மதுவுக்குச் சாடிச் சில்லுகளேனும் சான்றாக நிற்கின்றன. பறம்பின் தேறலுக்குக் கபிலரின் பாட்டே சான்று. ஓர் ஊரின் விளைச்சலையும் விருந்தையும் பெயர் சொல்லிப் பாடிவைப்பது கவிஞர் கடன் என்பதற்கு அவர் வாழ்வே வழிகாட்டி.