கரிவரதன் திறந்த வழி



ஆண்டு மலர் என்றால் தலைவர்கள், புலவர்கள் வரலாறுதான் வரும். நான் எழுத வந்தது ஒரு கார் பந்தய வீரரைப் பற்றி. கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954-ல் பிறந்த சுந்தரம் கரிவரதன்தான் அவர்.

காசு இருக்கிறவர் கார் ஓட்டினார், இதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். சேத்தியாத்தோப்பில் என் அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். எங்கள் வீட்டில் சைக்கிளைத் தவிர வேறு வண்டி கிடையாது. படிக்க வந்ததும் நான்தான் முதல் ஆள்.

ஆனால் அவர் ஓட்டியதோடு நிற்கவில்லை, பந்தயக் கார்களைக் கட்டவும் செய்தார். அந்தக் காலத்தில் சென்னையை அடுத்த சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். நம் நாட்டில் அன்று கிடைத்ததோ பியட்டும் அம்பாசிடரும். வேகம் வேண்டுமானால் பட்டறையில்தான் வழி தேட வேண்டும்.

புகை போகும் வழியையே பாருங்கள். கம்பெனி கொடுக்கும் வார்ப்பிரும்பு மேனிபோல்டில் எல்லா சிலிண்டர் புகையும் குறுகிய இடத்தில் ஒன்றோடொன்று முட்டும். அதைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு குழாய் வீதம் சம நீளத்தில் வளைத்து, கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் ஹெடர். நீளமும் உள்விட்டமும் சரியாக அமைந்தால், ஒரு சிலிண்டரின் புகை பாயும் வேகமே அடுத்ததன் புகையையும் இழுத்துக்கொள்ளும். குழாய் ரொம்பப் பெரிதானால் கீழ் வேகத்தில் இழுவை போய்விடும். பிளாஞ்ச் கோணினால் காஸ்கெட் ஊதும். மாட்டி முடித்ததும் கார்புரேட்டர் ஜெட்டையும் பார்த்தாக வேண்டும். இவ்வளவு வேலையும் தெரிந்த ஆள், வாங்கிக் கொடுக்கப் பணம், இரண்டும் உள்ளவருக்கே பந்தயம் என்று இருந்தது.

இதைத்தான் கரிவரதன் மாற்றினார். 1983-ல் வந்த மாருதி 800-ன் 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்து, 1988-ல் ஒற்றை இருக்கை 'பார்முலா மாருதி' காரைக் கொண்டுவந்தார். உதிரி பாகம் ஊருக்கு ஊர் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்பதால் பணத்தைவிட ஓட்டுகிறவன் திறமையும் மெக்கானிக் கைவேலையும் முன்னே வந்தன.

1995 ஆகஸ்ட் 24-ல், கோவை அருகே வானில் பறந்தபோது நேர்ந்த விபத்தில் அவர் மறைந்தார். வயது 41தான். பார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க அவர் இல்லை. செட்டிபாளையம் பந்தயப் பாதைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

நண்பர்களே! இன்ஜினில் சக்தி இருந்தும் புகைக்கு வழி இல்லையென்றால் வண்டி திணறும். நம்மில் பலர் நிலைமையும் அதுதான். வசதி உள்ளவர் தன் கையில் இருந்ததை வைத்து அடுத்தவனுக்கு வழி திறந்துவிட்டார். நாளை நமக்கும் நாலு காசும் தொழிலும் கைவரும்போது, நம் பின்னால் வருகிறவனுக்கு நாமும் வழி விடுவோம்!