வாக்கிழந்தோர்க்காக எழுந்த குரல்

அரசாங்கப் பதவி எதையும் வகியாமலே மக்கள் உள்ளங்களில் நிலையான இடம் பெற்ற தலைவர்கள் நம் நாட்டில் ஒரு சிலரே. அவர்களுள் ஒருவர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். தந்தை செல்வா என்றே நாம் அவரை அறிவோம்.

இவர் 1898 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31 ஆம் திகதி மலாயாவிலுள்ள ஈப்போ நகரிற் பிறந்தார். நான்கு வயதளவில் தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்தார். அங்கும், யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரியிலும், கொழும்பு புனித தோமையார் கல்லூரியிலும் கற்று, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். சிலகாலம் ஆசிரியராக விளங்கியபின் சட்டம் பயின்று, சிவில் வழக்குகளிற் பெரும்புகழ் ஈட்டினார். 1947 இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். கிறிஸ்தவரான அவரைத் தெரிவு செய்தவர்களுட் பெரும்பாலானோர் சைவர்கள்.

சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கு பிறந்தால் மட்டும் போதாது. தந்தையேனும், அல்லது பாட்டனும் பூட்டனுமேனும் இங்கு பிறந்தமையை நிரூபிக்க வேண்டும் என்றது அச்சட்டம். தோட்டத்து லயங்களிற் பிறந்தவர்கள் பலரிடம் பிறப்புப் பத்திரமே இருக்கவில்லை. ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். ஈப்போவிற் பிறந்த செல்வநாயகத்துக்கோ எந்த இடரும் நேரவில்லை. ஆயினும் அவர் வாளாவிருக்கவில்லை. அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். தம் கட்சித் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் இணைந்தபோது, தாம் இணைய மறுத்தார். இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை மற்றவர்க்கும் நேரும் என்று எச்சரித்தார். 1949 டிசம்பர் 18 இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

1952 தேர்தலில் அவர் தோல்வியுற்றார். எவருக்காகக் குரல் கொடுத்தாரோ, அவர்களிடம் அப்போது வாக்குரிமையே இல்லை!

அவர் அஞ்சியவாறே 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்த சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். 1957 இல் பிரதமர் பண்டாரநாயக்காவுடன் அவர் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1965 இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. ஒன்றுபட்ட நாட்டில் உரிமையோடு வாழ வழி தேடியவரின் தலைமையிலேயே 1976 இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. வாக்குறுதி மீறப்படுவதன் விலை இதுவென்றே நாம் எண்ணுகிறோம்.

நடுக்க நோயும் செவிப்புலன் குறைவும் உடலை வருத்தியபோதும் பணியைக் கைவிடாத அவர், 1977 ஏப்ரல் 26 இல் மறைந்தார். எஞ்சியிருந்த நாடற்ற மலையக மக்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

அன்பான தோழியரே! நமக்குரியது நம்மிடம் இருக்கும்போது, அயலாரின் உரிமை பறிபோவதை எளிதாக மறந்துவிடுகிறோம். தந்தை செல்வா மறக்கவில்லை. நாமும் மறவாதிருப்போமாக.