மகள்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கியவர்

புள்ளியியல் பாடத்தில் ‘ரிக்ரெஷன்’ படிக்கும் இளையர் பலருக்குக் கணினி காட்டும் எண் அட்டவணையைப் பார்த்ததும் தலைசுற்றும். எனக்கும் சுற்றியது. அந்தச் சொல்லைப் புள்ளியியலுக்குத் தந்த பிரான்சிஸ் கால்டனின் கதை தெரிந்த பிறகுதான் ஓரளவு தெளிவு கிடைத்தது.

கால்டன் 1822ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் அருகே வங்கிக் குடும்பத்தில் பிறந்தார். சார்ல்ஸ் டார்வின் அவருக்கு உறவினர். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றபோது உடல்நலம் குன்றி, சாதாரணப் பட்டத்துடன் வெளியேறினார். 1844ல் தந்தை இறந்ததும் கைக்கு வந்த சொத்தால், வாழ்நாள் முழுவதும் அவர் சம்பளத்திற்கு வேலை பார்க்கவே தேவையில்லாமல் போனது. ஆப்பிரிக்காவில் பயணம் செய்தார், வானிலை வரைபடம் தயாரித்தார், கைரேகைகளை ஆராய்ந்தார்.

1884ல் லண்டன் சுகாதாரக் கண்காட்சியில் அவர் ஓர் அளவீட்டுக் கூடம் அமைத்தார். மூன்று பென்ஸ் கொடுத்து 9,000க்கும் மேற்பட்டோர் தங்களை அளந்துகொண்டனர். பரிசு அறிவித்துக் குடும்ப விவரங்களையும் திரட்டினார். 205 பெற்றோர் இணைகளையும் அவர்களின் 928 பிள்ளைகளையும் ஆராய்ந்து 1886ல் கட்டுரை வெளியிட்டார். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தாலும், பெற்றோரைவிடச் சராசரிக்கு நெருக்கமாக இருந்தனர். இந்தத் திரும்புதலுக்கு அவர் வைத்த பெயர்தான் ‘ரிக்ரெஷன்’.

ஆனால் ஒரு சிக்கல். மகன்களையும் மகள்களையும் ஒரே கணக்கில் எப்படிச் சேர்ப்பது? பெண்களின் உயரத்தை எல்லாம் 1.08ஆல் பெருக்கி, ஆண்களின் உயரத்துக்கு ஈடாக்கினார் கால்டன்.

இன்று நாம் டம்மி மாறியைப் பயன்படுத்துகிறோம். மகன் என்றால் 1, மகள் என்றால் 0. கால்டனின் குறிப்பேட்டிலிருந்து கிடைத்த 898 பிள்ளைகளின் விவரத்தைக் கணினியில் இட்டால், தந்தையின் உயரத்துக்கு 0.41, தாயின் உயரத்துக்கு 0.32, மகன் என்பதற்கு 5.2 எனக் கெழுக்கள் வருகின்றன. பெற்றோரின் உயரம் ஒன்றாக இருக்கும்போது, மகன் மகளைவிடச் சராசரியாக 5.2 அங்குலம் உயரம் என்பதே இதன் பொருள். மகன்களின் உயரமே 5.2 அங்குலம் என்றல்ல! 0.41ஐவிட 5.2 பெரியது என்பதால் தந்தையின் உயரம் முக்கியமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 0.41 என்பது தந்தை ஓர் அங்குலம் கூடினால் வரும் மாற்றம். மகளுக்கு 1 கொடுத்திருந்தால் கெழு மைனஸ் 5.2 ஆகியிருக்கும், அவ்வளவுதான். பெண்களின் சராசரி உயரமான சுமார் 64 அங்குலத்தை 1.08ஆல் பெருக்கினாலும் ஏறத்தாழ 5 அங்குலம்தான் கூடுகிறது. கையால் கணக்கிட்டவர் பெரிதாகத் தவறவில்லை.

அவர் தவறியது வேறோர் இடத்தில். புகழ்பெற்றவர்களின் உறவினரிடையே புகழ்பெற்றோர் அதிகம் எனக் கண்டு, திறமை பரம்பரையாக வருகிறது என்று 1869ல் ஒரு நூல் எழுதினார். ‘புகழ்பெற்றவரின் மகன்’ என்று ஒரு டம்மி மாறி வைத்தால் அதன் கெழு பெரிதாகத்தான் வரும். ஆனால் பணம், பள்ளி, அறிமுகம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அவற்றின் பங்கும் அந்த ஒரே எண்ணுக்குள் புகுந்துகொள்ளும். தந்தையின் சொத்தில் வாழ்ந்தவர் இதற்கு உரிய எடை கொடுக்காதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. யார் பிள்ளை பெறலாம் எனத் தேர்ந்தெடுத்து மனித இனத்தை ‘மேம்படுத்தும்’ கொள்கைக்கு 1883ல் பெயர் சூட்டியவரும் அவரே. அக்கொள்கையின் பேரில் பின்னர் பல நாடுகளில் ஏராளமானோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது.

1909ல் ‘சர்’ பட்டம் பெற்ற கால்டன், 1911ல் மறைந்தார். அவர் உயிரோடு இருந்தபோதே, 1899ல், உட்னி யூல் என்ற இளம் புள்ளியியலாளர் இங்கிலாந்தின் வறுமை குறித்து, பல மாறிகளை ஒன்றாக வைத்து ரிக்ரெஷன் செய்தார். அக்கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்றில், தாம் காரணம் என்று எழுதியதை வாசகர்கள் தொடர்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என யூல் தெரிவித்திருக்கிறார்.